நாலு மணிக்கும் இருபத்திரண்டு

ஜில்லாவிலுள்ள ரேஷன் கடைகளுக்கெல்லாம் ஒரே சர்வர். அது இருக்கிற அறையில் எனக்கு வேலை. மணிக்கொரு தடவை சுவர் மீட்டரில் சூட்டைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். இதற்காகவே நாற்பத்தாறு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஆறு வருஷமாக இருபத்திரண்டைத் தவிர வேறு எதுவும் வந்ததில்லை. அதனால் காலையில் வந்ததுமே சாயங்காலம் வரைக்கும் இருபத்திரண்டு போட்டுவிட்டு, வெளியே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன்.

இன்று ஏசி எப்போது நின்றதென்று தெரியவில்லை. மீட்டரில் நாற்பத்தொன்று. சர்வர் தானாக அணைந்துவிட்டது. ஓடி வந்த இன்ஜினியர் ஜெரால்டு நோட்டைப் புரட்டினார்.

"ஏண்ணே, இப்ப மணி ஒண்ணுதான். நாலு மணிக்கும் இருபத்திரண்டா?"

போன் அடித்தது. ரேஷன் வரிசையிலிருந்து என் வீட்டுக்காரி பூவாத்தா.

"ஏனுங்க, சர்வர் இல்லைங்கறாங்க. இன்னிக்கு உட்டா இந்த மாச அரிசி போச்சு. நிக்கட்டுமா, வந்துரட்டுமா?"

சர்வரில் ஒரு விளக்கும் எரியவில்லை. நோட்டு ஜெரால்டு கையில் விரிந்தபடியே இருந்தது.

"நில்லு," என்றேன். "நாலு மணிக்குச் சரியாயிரும்னு எழுதியிருக்குது."