சத்தமில்லாமல்

"டாக்டர் என்னமோ மறைக்காருட்டி. நீயாவது சொல்லு" என்று பெண்டாட்டி சுகிர்தத்திடம் கெஞ்சினார் பெலிக்ஸ்.

குற்றால அருவியில் எப்படி விழுந்தார் என்பதே அவருக்கு நினைவில்லை. விலா எலும்பில் கீறல், அவ்வளவுதான் என்றது எக்ஸ்ரே. ஆனால் சுகிர்தம் அவர் முகத்தைப் பார்ப்பதும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க வராண்டாவுக்கு ஓடுவதுமாக இன்றோடு மூன்று நாள். ஒரு கீறலுக்கா இப்படி அழுவாள்? தென்காசி ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஒண்ணுமில்லங்க" என்றவள் மறுபடியும் ஓடினாள்.

செல்போனை எடுத்தார். பக்கத்துக் கட்டில்காரர் தூங்கியதால், மகன் எப்போதோ அனுப்பியிருந்த ஊமைப் படம்தான் தோது. நூறு வருடத்துப் பழசு. பேச்சில்லாமல் என்ன காமெடி என்று இதுவரை தொட்டதில்லை.

குண்டு மனிதர் ஒருவர் சோப்பில் வழுக்கினார். விழாமலிருக்கத் திரைச்சீலையைப் பிடித்தார், கழன்று வந்தது. பக்கத்தில் நின்றவரின் கால்சட்டையைப் பிடித்தார், அதுவும் வந்தது. பெலிக்ஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, விலா சுரீரென்றது. ஆனாலும் இன்னொரு தடவை போட்டார்.

"ஏட்டி, அழுதது போதும். இங்கன வந்து இதைப் பாரு."

பார்த்தவள் தரையில் உட்கார்ந்தே விட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியொரு சிரிப்பு.

"இதேதாங்க! எண்ணெய் தேய்ச்ச உடம்போட நீங்க வழுக்கி, முன்னால நின்னவரு கட்டியிருந்த துண்டைப் பிடிச்சு, அது உங்க கையோட வந்து... அழுகையா? மூணு நாளா வராண்டாவுல போய்ச் சிரிச்சிட்டுல்லா வாரேன்!"