தினம் ஒரு மணி நேரம்

“பெரிய ரேடியேட்டரா போடுங்க. ஃபேன் ரெண்டு வேணும்” என்றாள் அந்த அம்மாள்.

மெக்கானிக் பழைய காரின் பானெட்டைத் திறந்தார். “ஓடுற வண்டிக்கு எதிர்காத்தே போதுமேம்மா. எங்க ஓட்டுறீங்க?”

“மலைப்பாதைலதான். தினம் ஒரு மணி நேரம். பாதி வழியிலேயே கொதிச்சுடுது. வீட்டுக்காரருக்கு முகமே வாடிப்போகுது.”

மெக்கானிக் மீட்டரைப் பார்த்தார். போன வருஷத்து சர்வீஸ் சீட்டையும் பார்த்தார். வித்தியாசம் ஆறே கிலோமீட்டர்.

“மீட்டர் ஓடலையா?”

“அதுக்கென்ன, நல்லா ஓடுது. இங்கேருந்து வீட்டுக்கு மூணு. அன்னைக்குப் போன மூணு, இன்னைக்கு வந்த மூணு.”

“அப்ப மலை?”

“அவருக்குப் பார்வை போய் ஒன்றரை வருஷமாச்சு. வாசல்லயே வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் கொடுப்பேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்குவார். பக்கத்துல உட்கார்ந்து நான் வழி சொல்லுவேன்.”

மெக்கானிக்கின் குரல் இறங்கியது. “பாவம்... நிஜமாவே போறதா நினைச்சுக்கறாரா?”

“அவரா? நேத்து ஒரு வளைவைச் சொல்ல மறந்துட்டேன். ‘அடியே, பள்ளத்துல இறக்கிட்டியே’ன்னு ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார்!”