பூங்கோதைக்கு வளைகாப்பு

பார்க்க ஆளில்லை என்று சேனல் அந்தத் தொடரைப் பாதியில் நிறுத்தியபோது, கதாநாயகி பூங்கோதை ஏழு மாதக் கர்ப்பிணி.

“வளைகாப்பு பண்ணாம இன்னா நிறுத்தறது?” என்று புதூர்நாட்டில் கலைவாணி கொதித்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு, டிவிக்குக் குங்குமம் வைத்தாள். பச்சைக் கண்ணாடி வளையல்களையும், இலையோடு வேப்பங்குச்சியை வளைத்து மஞ்சள் நூலால் கட்டிய காப்பையும் அதன்மேல் தொங்கவிட்டாள்.

மறுநாள் அதே நேரத்தில் தொடரை முதலிலிருந்து மறுபடி போட்டார்கள். எல்லோரும் ஏற்கெனவே பார்த்த காட்சிதான். பள்ளிச் சீருடையில் பூங்கோதை சைக்கிளில் வந்தாள். ஹேண்டில்பாரைப் பிடித்த கைகளில் பச்சை வளையல்கள். நடுவே மஞ்சள் நூல் கட்டிய வேப்பங்காப்பு, இலைகூட வாடவில்லை.

டிவியின்மேல் குங்குமம் மட்டும் இருந்தது.

பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் எழுந்து நின்று கைகூப்பினாள்.

“அளவு சரியா கீதுக்கா” என்றாள் கலைவாணி, மெதுவாக.