வறுத்த மல்லி

சமையலறை ஜன்னலில் வெயில் ஏறுகிறது. பொடிக்கு வறுத்து வைத்த மல்லியைப் பச்சை விதையென்று நினைத்துத் தூவி, தவறு தெரிந்த பிறகும் தினமும் அரிசி கழுவிய தண்ணீரை அவள் ஊற்றிவந்த தொட்டியைக் கணவன் தூக்கிச் சாய்க்கிறான். "வறுத்ததை விதைச்சவ உலகத்துலயே நீ ஒருத்திதான்டி. மிளகாயாவது வைக்கலாம், விடு." அவள் அவன் கையைப் பிடிக்கிறாள். "ஐயோ, கொட்டிடாதீங்க! அந்த ஓரத்தைப் பாருங்க." சரியவிருக்கும் மண்ணின் விளிம்பில் நூல் போல ஒரு தண்டு வளைந்து நிற்கிறது. அதன் தலையில் பிளந்த விதையின் பாதித் தோல், சட்டியில் சிவந்த அதே நிறத்தோடு ஒட்டியிருக்கிறது. "இது மட்டும் எப்படிடி அந்தச் சூட்டுல சாகாம தப்பிச்சுது?" அவன் குரல் தணிந்துவிடுகிறது. அவள் தண்டை நுனிவிரலால் மெல்ல வருடி, அந்த விரலை அவன் மூக்கருகே நீட்டுகிறாள். மல்லியேதான். தொட்டியைச் சாய்க்கவும் பயந்து, நிமிர்த்தவும் பயந்து, அவன் அப்படியே நிற்கிறான்.