பிரபுவின் காரணம்

ஒருவர் ஏன் மதம் மாறினார் என்பதற்கு எதைச் சான்றாகக் காட்டுவீர்கள்? தோஹாவில் கிடங்குக் காவல் வேலைக்கு நடுவே, இணையக் கலைக்களஞ்சியத்தின் தமிழ்க் கட்டுரைகளைச் சரிபார்ப்பவன் நான். அன்று மதியம் வந்தது, முந்நூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஓர் அயர்லாந்துப் பிரபுவைப் பற்றிய கட்டுரை. கத்தோலிக்கரான அவர் அரசாங்கத்தின் புராட்டஸ்டன்ட் திருச்சபைக்கு மாறியது நிலத்துக்காகத்தான் என்று அது முடிந்திருந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்று போட்டேன். எழுதிய சாந்தகுமாரி டீச்சர் பாளையங்கோட்டையிலிருந்து உடனே வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார்.

“மாறலைன்னா தம்பிங்களுக்கெல்லாம் நிலத்தைப் பிரிச்சுக் குடுத்திருக்கணும் சார். அந்தக் காலச் சட்டம் அப்படி. வேற என்ன சான்று வேணும்?”

“சட்டத்துக்குச் சான்று இருக்கு டீச்சர். அவர் மனசுக்கு இல்லையே. எங்கயாவது சொல்லியிருக்காரா?”

“நிலத்துக்காகத்தான் மாறுனேன்னு எவன் சார் வாயால சொல்லுவான்? ஏன், உங்க வீட்டுல யாரும் மாறலையா?”

“தம்பி மாறிட்டான். ஒரு பொண்ணைக் கட்டுறதுக்காக கிறிஸ்தவ சபைக்குப் போயிட்டான். நாலு வருஷமா அவன்கூட நான் பேசுறதில்ல.”

“பொண்ணுக்காகன்னு அவரு சொன்னாரா?”

யோசித்துப் பார்த்தேன்.

“இல்ல. நாங்களா சொல்லிக்கிட்டதுதான்.”

“அப்போ முதல்ல அதுக்குச் சான்று கேளுங்க சார். என் பிரபு செத்து எத்தனையோ வருஷமாச்சு, அவரு காத்திருப்பாரு” என்று சிரித்தார் டீச்சர்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு எங்கள் ஊர் குலசேகரத்துக்குப் போன் செய்தேன். தம்பி எடுத்தான். ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருப்பதாகவும், முடித்துவிட்டுக் கூப்பிடுவதாகவும் சொன்னான்.