உள்ளே என்ன கிழமை

பிற்பகல் மூன்று மணிக்கு இட்லிப் பொட்டலத்தோடு வீரணன் நாகமலைச் சரிவேறி வந்தபோது, ஆராய்ச்சிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகையில் மாயக்காள் நின்றுகொண்டிருந்தாள்.

நாளைக் காலையில் தாலிக்குக் கழுத்து நீட்ட வேண்டிய பெண்.

அவள் கையில் தையல்கடைப் பொட்டலம். கல்யாண ரவிக்கையை வாங்கி வருகிறேனென்று வாடிப்பட்டியில் பஸ் ஏறியவள், மதுரையில் அதை வாங்கியதும் ஊர் திரும்பாமல் நேரே இங்கே வந்துவிட்டாள்.

வீரணனுக்குக் கையிலிருந்த இட்லி கல்லாய்க் கனத்தது.

போன வாரமும் வந்தாள். அப்போது விதியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டான்.

விதி இதுதான். ஜன்னலில்லாத ஓர் அறைக்குள் கருத்தக்கண்ணன் தனியாக இருக்கிறான். கடிகாரமில்லை, ரேடியோ இல்லை, வெயிலும் நிலவும் இல்லை. பொழுது தெரியாத மனிதன் எப்போது தூங்குவான், எப்போது விழிப்பான் என்று பார்ப்பது பேராசிரியரின் ஆராய்ச்சி. அவன் மணியடித்துக் கேட்பதை வாங்கிவந்து கொடுப்பது, எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டே பயிற்சிக்கு வந்த வீரணனின் வேலை. என்ன வேளை, என்ன கிழமை என்று மூச்சுவிடக் கூடாது. உள்ளே இருப்பவன் காலைப் பலகாரம் கேட்டால், ஊரே உண்டு படுத்திருந்தாலும் இட்லிதான்.

“ஏப்பா, உங்க ஆளு நாகமலையில இருக்கானா, அமெரிக்காவுல இருக்கானா?” என்பார் ஓட்டல்காரர்.

அறைக் கதவுக்குப் பூட்டு கிடையாது. வேண்டாமென்று தோன்றினால் அவனே திறந்துகொண்டு வந்துவிடலாம். வந்தால் ஆராய்ச்சி பாழ். அதை நம்பியிருக்கும் வீரணனின் உதவித்தொகையும் பாழ்.

அதற்காகத்தான் வீரணன் வாயைக் கட்டிக்கொண்டிருந்தான். கேட்டால் விதி என்பான். தராசைக் காட்டித் தன்னை மறைத்துக்கொள்ளத் தெரியாத வியாபாரி எந்தச் சந்தையில் இருக்கிறான்?

மாயக்காள், கருத்தக்கண்ணனுக்குத் தாய்மாமன் மகள். முதல் உரிமை அவனுக்குத்தான். வேறொருவனுக்குப் பேசி முடித்துப் பந்தலே போட்டிருந்தாலும், முறைக்காரன் சபையில் வந்து நின்று “எனக்கு வேணும்” என்று ஒரு சொல் சொன்னால் போதும். பந்தலைப் பிரிக்க வேண்டாம், மாப்பிள்ளையை மாற்றினால் போதும்.

அவளிடம் சொல்லிவிட்டுத்தான் அவனும் உள்ளே போனான். நாட்களை எண்ணிக்கொண்டே இருப்பேன், முகூர்த்தத்துக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று.

அறைக்குள் எண்ணுகிறவனுக்கு நாள் குறைவாகத்தான் படும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

ஒவ்வொரு முறை தட்டை நீட்டும்போதும், “வெளிய என்ன கிழமை மாப்ள?” என்று அவன் சிரித்தபடி கேட்பான். பாவி, இன்னும் நாள் கிடக்கிறது என்றல்லவா நம்பிக்கொண்டிருக்கிறான்! அந்தக் குரலைக் கேட்டுவிட்டு வந்தால் வீரணனுக்குச் சோறு இறங்காது.

“மச்சான் கிழமை தெரியாமக் கெடக்குண்ணே,” என்றாள் மாயக்காள். “தெரிஞ்சா செவத்தப் பேத்துக்கிட்டு வந்துரும். ஒங்க கால்ல வேணாலும் விழுகுறேன்.”

விழுந்தும்விடுவாள் போலிருந்தது. வீரணன் பதறி ஒதுங்கினான். உதவித்தொகை எக்கேடோ கெடட்டும்.

“உள்ள வா தங்கச்சி. நான் சொல்றேன், நீயே ஒன் காதால கேட்டுக்க. சத்தம் மட்டும் காட்டாத.”

அவளை அழைத்துப் போயிருக்க வேண்டியதில்லை. செய்த பாவத்தை அவள் கண்ணெதிரிலேயே கழுவிவிட வேண்டுமென்று அவனுக்கு ஓர் ஆசை.

சாப்பாடு கொடுக்கிற சிறு கதவைத் திறந்து தட்டை உள்ளே தள்ளினான். அவள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

“மாப்ள, நல்லாக் கேட்டுக்க. நாளைக்குக் காலையில மாயக்காளுக்குக் கல்யாணம். இப்பக் கெளம்புனாக்கூடப் பிடிச்சிரலாம்.”



“இன்னுமா முடியல?” என்றான் கருத்தக்கண்ணன்.

வீரணனுக்கு அது உறைக்கவில்லை. “என்னது?”

“முடிஞ்சு போயிருக்கும்னுல்ல நெனச்சேன். வெளிய இருந்தா, பொண்ணு வேணாம்னு மாமன் மூஞ்சிக்கு நேரா நான் சொல்லணும் மாப்ள. அந்தச் சங்கடம் எதுக்குன்னுதான இதுக்குள்ள வந்து கெடக்கேன். நீ சொல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல. கதவச் சாத்து.”

தட்டை இழுக்க ஒரு கை நீண்டது.

வீரணன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பத் தைரியமில்லை. போன வாரம் அவன் விரட்டியபோது அவள் நம்பிக்கையோடுதான் பஸ் ஏறிப் போயிருந்தாள்.

பின்னால் பொட்டலத்தின் தாள் மெல்லச் சரசரத்தது. அவள் அழவில்லை. குரலைத் தாழ்த்தவும் இல்லை. கடைவீதியில் விசாரிக்கிற மாதிரி, உள்ளேயும் வெளியேயும் கேட்கும்படிக் கேட்டாள்.

“ஏண்ணே, வாடிப்பட்டிக்கு எங்கிட்டு நின்னா பஸ்ஸு வரும்? தையக்காரரு ரவிக்கையத் தொளதொளன்னு தச்சிட்டாரு. போயி ஒரு பிடி பிடிச்சுத் தைக்கணும். காலையில போடணும்ல.”

இட்லித் தட்டின் விளிம்பைப் பிடித்திருந்த அந்தக் கை, இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.