கையால் மாற்றும் டேப்

"முப்பது வருஷம் கெடாம இரிக்குமா?" என்று கேட்டார் செய்னுலாப்தீன் ஹாஜியார்.

"உப்புக்காத்துப் படாமப் பெட்டிக்குள்ள வெச்சா இரிக்கும் ஹாஜியார்," என்றான் றஸீன். கற்பிட்டியில் அவன் கம்பியூட்டர் கடை திறந்து ஒன்பது வருஷம். வீட்டுச் சேர்வரில் உள்ளதைப் பிரதி எடுத்து வைக்க டேப் கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான். கட்டாரில் ஒரு வங்கியின் கம்பியூட்டர் அறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்.

"இன்டர்நெட்டில ஏத்தி வெச்சா உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல," என்றான் றஸீன்.

"வேணாம்."

"அப்ப இந்த மெஷினப் பாருங்க. எட்டு டேப்பையும் தானே மாத்திக்கொள்ளும். வருஷத்துக்கு ஒருக்காப் பாத்தாப் போதும்."

"மத்தது?"

"மத்தது பழைய முறை. கிழமைக்கு ஒருக்கா ஒராள் கையால மாத்தணும். கரைச்சல்."

"அதையே தாங்க. என்ட கை நடுங்குது, நீங்கதான் வந்து மாத்தித் தரணும்." வாசல்வரை போனவர் திரும்பினார். "உள்ளுக்கு என்ன இரிக்கெண்டு மட்டும் தொறந்து பாக்க வேணாம்."

பார்க்காமலே றஸீனுக்கு விளங்கியது. மனைவி மௌத்தாகி நாலு வருஷம். மூன்று பிள்ளைகளும் மூன்று நாடுகளில். அவர்களின் போட்டோவும் குரலும் தவிர வேறென்ன இருக்கப்போகிறது?

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அவன் மோட்டார் சைக்கிளை ஆலங்குடாவிலுள்ள ஹாஜியார் வீட்டுக்கு விட்டான். வேலை ஐந்து நிமிடம்தான். போன கிழமை டேப்பை எடுத்து, அடுத்ததைப் போட்டு, பச்சை வெளிச்சம் எரிகிறதா என்று பார்ப்பான்.

அதற்குள் ஹாஜியார் கோப்பையின் விளிம்புவரை தேத்தண்ணி ஊற்றி, ஒரு சொட்டும் சிந்தாமல் கொண்டுவந்து வைப்பார். பிறகு டோஹாவின் வெயில், இந்த வருஷத்துக் காற்று, பட்டம் கட்டிக் கடலில் பாயும் வெள்ளைக்காரர்கள் என்று அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்கும்வரை கதை.

பதினெட்டாவது வெள்ளியன்று சேர்வர் செத்துக் கிடந்தது. உப்புக்காற்று உள்ளே புகுந்து எல்லாவற்றையும் துருவாக்கியிருந்தது.

"பயப்பட வேணாம் ஹாஜியார், எல்லாம் டேப்பில இரிக்கு," என்று சொல்லிவிட்டு டேப் மெஷினைத் தன் லெப்டொப்பில் கொளுவினான் றஸீன். ஹாஜியார் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனார்.

முதல் டேப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. எட்டாவதையும் பார்த்து முடித்தபோது றஸீனின் சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. பதினேழு கிழமை பச்சை வெளிச்சத்தை மட்டும் நம்பியிருக்கிறான். ஒரு நாளாவது சரிபார்த்திருந்தால்?

சாமான்களை அள்ளிக்கொண்டு பேசாமல் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தான். கால் வரவில்லை. செத்துப்போன ஒரு மனுசியின் முகத்தையும் குரலையும் இரண்டாம் தரம் அடக்கிவிட்டு எங்கே போவது?

ஹாஜியார் தேத்தண்ணியோடு வந்து கதிரையில் இருந்தார். றஸீன் எழும்பி நின்றான்.

"என்ன மன்னிச்சிருங்க ஹாஜியார். எட்டு டேப்பிலயும் ஒண்டும் இல்ல. என்ட பிழைதான். நான் செக் பண்ணியிரிக்கணும். மாமிட போட்டோ, பிள்ளைகள்ட குரல், எல்லாத்தையும் அழிச்சிட்டன்."

அவர் கோபப்படுவார், அல்லது அழுவார் என்று அவன் காத்திருந்தான். அவரோ பிடிபட்டவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே காற்று தென்னோலைகளை அறைந்துகொண்டிருந்தது. கடைசியில், அவன் முகத்தைப் பார்க்காமலே மெல்லச் சொன்னார்:

"அழியிறதுக்கு நான் அதுக்குள்ள ஒண்டும் போடவே இல்ல மகன், நீங்க வருவீங்க எண்டுதான் வாங்கின."